ஆர்டிஸ் கடையில் வேலை இல்லை

முதல் பனி விழுந்தால் அந்த ஊரில் சந்தோஷப்படுகிற ஒரே ஆள் ஆர்டிஸ் தோர்சன்தான். மற்றவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். தரை இறுகிவிட்டால் தார் போட முடியாது. நெடுஞ்சாலை ஓரத்துத் தார் ஆலை அடுப்பை அணைத்துவிடும். அப்புறம் ரோடு போடுகிற ஆட்கள் அத்தனை பேரும் ஏப்ரல் வரை வீட்டோடுதான். வருஷா வருஷம் நடப்பது, ஆனாலும் வருஷா வருஷம் தலையில் கை வைத்துக்கொள்வார்கள். ஆர்டிஸ் மட்டும் அன்றைக்குக் கடைத்தெருவுக்குப் போய் எலுமிச்சம்பழமும் வெண்ணெயும் வாங்கிக்கொண்டு வருவாள்.

அவளுடைய சந்தோஷத்துக்குக் காரணம் மாநில அரசாங்கம். இப்படி லே-ஆஃப் ஆகி வேலையில்லாமல் நிற்பவர்கள் அரசாங்கத்திடம் உதவித்தொகை வாங்கித்தான் குளிர்காலத்தைத் தள்ள வேண்டும். அதற்கு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போன் போட்டு, பதிவு செய்து வைத்த குரல் கேட்கிற கேள்விகளுக்கு ஆமாம் என்றால் ஒன்று, இல்லை என்றால் இரண்டு என்று அமுக்க வேண்டும். அந்த வாரம் வேறு எங்கே வேலை தேடினாய் என்பதற்கும் பதில் வைத்திருக்க வேண்டும். ஏப்ரலில் பழைய வேலைக்கே திரும்பப் போகிறவன் எதற்காகத் தேட வேண்டும் என்று யாரும் கேட்கலாம். திரும்பக் கூப்பிடும் தேதியை முதலாளி எழுதிக் கொடுத்தால் தேட வேண்டாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் தார் கம்பெனி எழுதிக் கொடுக்காது. தரை எப்போது இளகும் என்று தெரியாமல் எந்தத் தேதியைப் போடுவது? ஆகவே யாரும் தரப்போவதில்லை என்று தெரிந்த இடத்தில், தந்தாலும் போகப்போவதில்லை என்று தெரிந்த வேலையை, இவர்கள் குளிர்காலம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அப்படிக் கேட்பதற்கு ஆர்டிஸின் ரிப்பேர் கடையைப் போல் தோதான இடம் கிடையாது. கோடையில் புல் வெட்டும் மெஷின், குளிர்காலத்தில் பனி வாரும் மெஷின், இடையில் மரம் அறுக்கும் மெஷின். அவளும் அவள் கணவன் மெர்லும் சேர்ந்து நடத்திய கடை. மெர்ல் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அவன் இருக்கும்போதே இருவரும் தலைநகருக்குப் போய், கடையில் அப்ரண்டிஸ் எடுத்துக்கொள்ள மாநிலத்தில் பதிவு செய்துவிட்டு வந்தார்கள். மூன்று வருஷப் பயிற்சி, ஒரு இடம். ஒரே ஒருவன் வந்தான், படித்து முடித்தான், பெரிய ஊருக்குப் போய்விட்டான். அதற்கப்புறம் யாரும் வரவில்லை. ஆனாலும் அக்டோபர் மாதம் மாநிலத்திலிருந்து வரும் கடிதத்துக்கு ஆர்டிஸ் தவறாமல் பதில் போடுவாள். பதிவு தொடரட்டும், இடம் காலியாகத்தான் இருக்கிறது என்று. கல்லாவுக்கு மேலே அரசாங்க முத்திரையுடன் சான்றிதழ் சட்டம் போட்டுத் தொங்கியது. பதிவு பெற்ற கடை என்பதால் அங்கே வேலை கேட்டேன் என்று சொன்னால் மேலே யாரும் குடைந்து கேட்பதில்லை.

எனவே திங்கள்கிழமை காலையானால் கடை வாசலில் பிக்கப் வண்டிகள் வந்து நிற்கும். ரோலி வருவான், வெண்டெல் வருவான், கூட இன்னும் ஒருவர் இருவர் வருவார்கள். காலணியில் ஒட்டிய பனியை வாசலில் தட்டிவிட்டு உள்ளே வந்து அடுப்பைச் சுற்றி நிற்பார்கள். ரோலிதான் முதலில் ஆரம்பிப்பான். ரோலர் ஓட்டுகிறவன், வாய்க்கு மட்டும் லே-ஆஃப் கிடையாது.

"என்ன முதலாளியம்மா, இன்னிக்காவது வேலை போட்டுக் குடுப்பீங்களா, இல்ல வழக்கம்போல கழுத்தைப் பிடிச்சுத் தள்ளப்போறீங்களா?"

"உன்னைச் சேத்துக்கிட்டா நான் கடைய மூடிட்டு உன் வீட்டுக்குத்தான் வேலைக்கு வரணும். போ, போய் காபிய ஊத்திக்கோ."

"பாத்துக்கோங்கப்பா, வேலை இல்லைன்னுட்டாங்க. எழுதிக்கோங்க."

வெண்டெல் மட்டும் இந்தக் கேலியில் சேர மாட்டான். ஆறடிக்கு மேல் உயரம், நிதானமான ஆள், தார்க் கலவையை வாரிச் சமன்படுத்துகிற வேலை. சர்ச்சில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவன். அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, அன்றைக்குத்தான் முதல் தடவையாக வந்தவனைப் போல முறையாகக் கேட்பான்.

"ஆர்டிஸ், இந்த வாரம் வேலை ஏதாவது இருக்குங்களா?"

"இல்ல வெண்டெல்."

"சரிங்க. நன்றி."

"எத்தனை வருஷமாடா இதையே கேப்ப?" என்று ரோலி சிரிப்பான். "கேட்டேன்னு எழுதிட்டாப் போகுது."

"கேக்காம எப்படிக் கேட்டேன்னு எழுதறது?" என்பான் வெண்டெல். அவனைப் பொறுத்தவரை அதில் சிரிக்க எதுவும் இல்லை.

அப்புறம் எலுமிச்சைக் கேக், காபி, யார் வீட்டுக் குழாய் உறைந்தது, ஏரியில் பனிக்கட்டி எத்தனை கனம், யாருடைய மகன் யாரோடு சுற்றுகிறான். பத்து மணிக்குக் கலைந்து போவார்கள். ஆர்டிஸுக்கு வாரம் என்பது அந்தக் காலைப்பொழுதுதான். மற்ற நாட்களில் மெஷினைக் கொண்டு வருபவர்கள் கொட்டகையில் தள்ளிவிட்டு, ஒரு சீட்டை ஒட்டிவிட்டு, வண்டியை அணைக்காமலேயே கிளம்பிவிடுவார்கள். ரேடியோவில் வானிலை சொல்பவனுக்கு அவள் பதில் சொல்லிக்கொண்டு வேலை செய்வாள். அவன் சொன்னது தப்பாகிவிட்டால் மறுநாள் திட்டுவாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சர்ச்சிலிருந்து வந்து கேக்கை அடுப்பில் வைத்த பிறகுதான் அவளுக்கு முகத்தில் களை வரும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. வேலை இல்லை என்று கேட்டுப் போவதற்காக வருகிறவர்களை நம்பி ஒருத்தி உயிரோடு இருக்கிறாள் என்று எப்படிச் சொல்வது?

அந்த ஜனவரியில் அவளுடைய வலது தோள் மக்கர் பண்ணியது. முதலில் குத்தல், அப்புறம் கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியவில்லை. பனி வாரும் மெஷினைத் தரையிலிருந்து வேலை மேசைக்கு ஏற்றுவது அவளுடைய அறுபத்தாறு வயதுக்கு ஏற்கெனவே பெரிய காரியம். இப்போது அது நடக்காத காரியம் ஆகிவிட்டது. ஒரு சனிக்கிழமை வந்த மெஷின் தரையிலேயே கிடந்தது. அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கயிறு கட்டிப் பார்த்தாள், பலகையைச் சரித்துப் பார்த்தாள், மெர்லைத் திட்டிப் பார்த்தாள். கடைசியில் விளக்கை அணைத்துவிட்டுப் கடைக்குப் பின்னால் இருந்த தன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பனிப்புயலில் சர்ச்சும் இல்லை.

திங்களன்று வெண்டெல் மட்டும் வந்தான். ரோலி உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்கப் போயிருந்தான், மற்றவர்களுக்குச் சளிக் காய்ச்சல். வெண்டெல் உள்ளே வந்ததும் தரையில் கிடந்த மெஷினைப் பார்த்தான், அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் குனிந்து, அதை அலாக்காகத் தூக்கி மேசை மேல் வைத்தான். கையைத் துடைத்துக்கொண்டான். அப்புறம் தொப்பியைக் கழற்றினான்.

"ஆர்டிஸ், இந்த வாரம் வேலை ஏதாவது இருக்குங்களா?"

"இருக்கு," என்றாள் ஆர்டிஸ்.

வெண்டெல் சிரித்தான். அவளும் சிரித்தாள். சிரிப்பு ஓய்ந்தது. அடுப்பில் விறகு படபடத்தது.

"நெஜமாத்தான் சொல்றேன்," என்றாள். "அப்ரண்டிஸ் இடம் காலியாத்தானே கெடக்கு. மூணு வருஷம். நான் கத்துத் தர்றேன். உனக்குக் கை நிதானம், பொறுமை இருக்கு. கார்புரேட்டருக்கு அதுதான் வேணும். சம்பளம் தார்ல வாங்கற அளவுக்கு வராதுதான். ஆனா குளிருக்கும் உண்டு, கோடைக்கும் உண்டு. நாளைக்கே வேணாலும் வா."

வெண்டெல் தொப்பியைச் சுற்றிச் சுற்றித் திருப்பினான். "எனக்கு அம்பத்தாறு வயசு ஆச்சுங்க."

"அப்ரண்டிசுக்கு வயசு வரம்பு கெடையாது. வேணும்னா சட்டத்தைப் பாரு."

"தார் வேலைல பென்ஷனுக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான் இருக்கு. இப்ப விட்டா மொத்தமும் போயிரும். ஜாய்ஸுக்கு மருந்துச் செலவு வேற." ஜாய்ஸ் அவன் மனைவி. "முடியாதுங்க ஆர்டிஸ். ஆனா கேட்டதுக்கு நன்றி. மனசார."

"சும்மா கேட்டேன். கேக்கை எடுத்துக்கோ," என்று சொல்லிவிட்டு ஆர்டிஸ் காபியை ஊற்றத் திரும்பிக்கொண்டாள். அவளுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. பத்து மணி வரை இருக்க வேண்டியவன் ஒன்பதுக்கு முன்னாலேயே கிளம்பினான். அவளும் இரு என்று சொல்லவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெண்டெல் வழக்கம்போல் போன் போட்டான். பதிவுக் குரல் வழக்கம்போல் கேட்டது: இந்த வாரம் உங்களுக்குக் கிடைத்த வேலை எதையாவது மறுத்தீர்களா? தார் போடுகிறவர்கள் அத்தனை பேரும் அந்தக் கேள்வி முடியும் முன்பே இரண்டை அமுக்கிப் பழகியவர்கள். வெண்டெலும் அப்படித்தான். அன்றைக்கு மட்டும் விரலை நிறுத்தி யோசித்தான். அப்புறம் ஒன்றை அமுக்கினான். எந்த இடம் என்று கேட்டதற்குக் கடையின் பெயரையும் சொன்னான்.

இந்தச் செய்தியை ஆர்டிஸிடம் கொண்டு வந்தவன் ரோலி. செவ்வாய்க்கிழமை, தோளெல்லாம் பனி, கண்ணெல்லாம் கோபம்.

"கேட்டீங்களா அந்த மடையன் பண்ணின காரியத்த? வேலைய மறுத்தியான்னு கேட்டா ஆமான்னு அமுக்கிருக்கான். பணத்த நிறுத்திட்டாங்க. இனிமே வர்றதும் கெடையாது, இத்தனை நாள் வேலை தேடினதே சும்மான்னு சொல்லி, நவம்பர்லேந்து வாங்கினதையும் திருப்பிக் குடுக்கணும்கறாங்க. ஜாய்ஸ் அழுவுது. என்னடான்னா, ஆர்டிஸ் வேலை குடுத்தாங்க, நான் வேணாம்னேன், கேட்டா எப்படி இல்லைங்கறதுங்கறான்."

ஆர்டிஸ் கையிலிருந்த ஸ்பானரை மேசை மேல் வைத்தாள்.

"இப்ப விசாரணையாம், போன்ல. உங்களையும் கூப்பிடுவாங்க. நீங்க விளையாட்டுக்குத்தானே சொன்னீங்க? அதைச் சொல்லிருங்க, முடிஞ்சிரும்." ரோலி அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். "விளையாட்டு இல்லாம பின்ன என்ன? அம்பத்தாறு வயசுல அவன் அப்ரண்டிஸாமா?"

"பின்ன என்ன," என்றாள் ஆர்டிஸ்.

அவன் போன பிறகு வெகுநேரம் ஸ்பானரை எடுக்கவில்லை. ஊரில் ஒருவனுக்குக்கூட அது உண்மையாக இருக்கலாம் என்று தோன்றாது என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. வெண்டெல் ஒருவன்தான் நம்பினான், நம்பிய பாவத்துக்கு இப்போது மாட்டிக்கொண்டிருக்கிறான்.

விசாரணைக் கடிதம் வந்தது. வியாழக்கிழமை காலை பத்து மணி. அவள் சொல்லப்போவதுதான் தீர்ப்பு என்பது அவளுக்குத் தெரியும். வேலை நிஜமாகக் கொடுக்கப்பட்டது என்றால் வெண்டெல் மறுத்தது மறுத்ததுதான், குளிர்காலப் பணம் முழுக்கப் போகும். நிஜமில்லை என்றால் மறுப்பதற்கே ஒன்றும் இருந்திருக்காது, பணம் வந்துவிடும். நடுவில் நிற்க இடமில்லை.

புதன்கிழமை சாயங்காலம் வெண்டெல் வந்தான். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றான். ஆர்டிஸ் கதவைப் பிடித்துக்கொண்டு குளிரில் நின்றாள்.

"உங்களைத் தொந்தரவுல இழுத்துவிட்டுட்டேன்," என்றான். "நாளைக்கு நடந்ததை நடந்தபடியே சொல்லுங்க. எனக்காக நீங்க ஒண்ணும் மாத்திச் சொல்ல வேணாம். நீங்க பொய் சொல்லி வர்ற காசு எனக்கு வேணாம்."

"ஜாய்ஸ் என்ன சொல்லுது?"

"ஜாய்ஸ் என்கூடப் பேசறதில்ல." காலால் பனியை ஒதுக்கினான். "ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். அன்னிக்கு வாயால வேணாம்னுட்டேனே தவிர, வீட்டுக்குப் போற வழி பூரா அதேதான் நெனச்சுட்டுப் போனேன். தார்ல எவனும் நம்மளப் பேரு சொல்லி வேணும்னு கேக்கறதில்லீங்க. தலையை எண்ணி வண்டில ஏத்துவான், அவ்வளவுதான். நீங்க கை நிதானம்னீங்க. இத்தனை வருஷத்துல யாரும் அப்படிச் சொன்னதில்ல. அதான் இல்லைன்னு அமுக்க மனசு வரல."

ஆர்டிஸுக்கு அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, அடுப்புப் பக்கத்தில் உட்கார வைத்து, நான் சொன்னது அத்தனையும் உண்மை, இந்த வீட்டிலும் கடையிலும் பேச ஆளில்லாமல் செத்துக்கொண்டிருக்கிறேன் என்று கொட்டிவிடத் தோன்றியது. அப்படிச் சொன்னால் நாளைக்கு அவன் போனில் அதையும் சேர்த்துச் சொல்லிவிடுவான். அவன் அப்படிப்பட்ட ஆள்.

"குளிருது, வீட்டுக்குப் போ," என்றாள்.

அன்றிரவு அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். பொய் சொன்னால் போதாது. விசாரணை அதிகாரி நம்பினால் மட்டும் போதாது. வெண்டெலும் அதே போன் இணைப்பில் இருப்பான், அவனும் நம்ப வேண்டும். நம்பாவிட்டால், இல்லைங்க, அவங்க மனசாரத்தான் கேட்டாங்க என்று குறுக்கே பேசி அவனே தன் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்வான்.

காலை பத்து மணிக்குப் போன் அடித்தது. விசாரணை அதிகாரி ஒரு பெண். களைத்த குரல், மரியாதையான குரல். வெண்டெல் இணைப்பில் இருக்கிறானா என்று கேட்டாள். இருக்கேங்க என்றான். வலது கையை உயர்த்திச் சத்தியம் செய்யச் சொன்னாள். ஆளில்லாத கடையில் ஆர்டிஸ் வலது கையை உயர்த்தினாள். கை தோள் வரைக்கும்தான் போயிற்று. அப்படியே நிறுத்திக்கொண்டு சத்தியம் செய்தாள்.

"மேடம், போன மாசம் இந்த வெண்டெல் உங்க கடைக்கு வந்து வேலை கேட்டாரா?"

"எல்லாத் திங்கக்கெழமையும் வந்து கேப்பாருங்க. எல்லாரும் வருவாங்க. கேக் சாப்பிடத்தான்."

"நீங்க அப்ரண்டிஸ் வேலை இருக்குன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"அது நெஜமாவே வேலை குடுக்கறதுக்காகச் சொன்னதா?"

ஆர்டிஸ் மேசையைப் பிடித்துக்கொண்டாள். "இல்லீங்க. கேலிக்குச் சொன்னது. அவரு ஒவ்வொரு தடவையும் தொப்பியக் கழட்டிட்டு, பெரிய மனுஷன் மாதிரி வந்து கேப்பாரு. எங்களுக்கெல்லாம் அது சிரிப்பு. ஒரு நாளைக்கு இருக்குன்னு சொன்னா என்ன பண்றாருன்னு பாக்கலாம்னு சொன்னேன். அம்பத்தாறு வயசு ஆளை யாருங்க அப்ரண்டிஸா எடுப்பா?"

போனில் யாரோ மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. அதிகாரியின் மூச்சு இல்லை அது.

"அவர் சொன்ன வாக்குமூலத்துல, நீங்க அவரோட கை நிதானத்தப் பத்தியெல்லாம் சொன்னதா இருக்கே மேடம்."

"கேலி பண்ணணும்னா நம்பற மாதிரி பண்ணணும் இல்லீங்களா? தார் வார்ற கைக்கு என்ன நிதானம் வேண்டிக் கெடக்கு." இதைச் சொல்லும்போது குரல் உடையாமல் இருக்க அவள் உள்ளங்கையில் நகத்தை அழுத்திக்கொண்டாள். "அவரு நம்புவாருன்னு நான் நெனைக்கல. பாவம், சூது தெரியாத மனுஷன்."

"கடைல உதவிக்கு ஆள் தேவைப்படுதா உங்களுக்கு?"

"எதுக்குங்க? நான் ஒருத்தியே பாத்துக்கறேன். நானே தூக்கி, நானே வெச்சுக்குவேன்."

"ஆனா மாநிலப் பதிவுல உங்க கடைல ஒரு அப்ரண்டிஸ் இடம் காலின்னு இருக்கு. போன அக்டோபர்லதான் நீங்க கையெழுத்துப் போட்டுப் புதுப்பிச்சிருக்கீங்க."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. கல்லாவுக்கு மேலே தொங்கிய சான்றிதழை நிமிர்ந்து பார்த்தாள். மெர்ல் ஆணி அடித்தபோது கட்டைவிரலில் அடித்துக்கொண்டு ஆடிய ஆட்டம் நினைவுக்கு வந்தது.

"பழக்கத்துல போட்டது. அதுக்கு ஒரு அர்த்தமும் இல்ல. எடுத்திருங்க."

"பதிவையே ரத்து பண்ணச் சொல்றீங்களா? அப்புறம் திரும்ப வேணும்னா முதல்லேந்து விண்ணப்பிக்கணும் மேடம்."

"வேணாம். எடுத்திருங்க."

அதிகாரி தட்டச்சு செய்யும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. அப்புறம் வெண்டெலிடம், நீங்கள் ஏதாவது கேட்க வேண்டுமா, சொல்ல வேண்டுமா என்றாள்.

"ஒண்ணும் இல்லீங்க," என்றான். "எனக்குத் தெரியாமப் போச்சு."

வேலை எதுவும் கொடுக்கப்படாததால் மறுத்ததாக ஆகாது, உதவித்தொகை மறுபடி வரும் என்று அதிகாரி அப்போதே சொல்லிவிட்டாள். போனை வைப்பதற்கு முன் ஒரு விஷயத்தையும் சேர்த்துச் சொன்னாள். ஆள் எடுக்கும் எண்ணமே இல்லாத கடை என்று கடைக்காரரே சத்தியமாகச் சொல்லிவிட்டதால், இனிமேல் அங்கே போய்க் கேட்டதை வேலை தேடியதாகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். வெண்டெலுக்கு மட்டுமல்ல, யாருக்கும். "கோவிச்சுக்காதீங்க மேடம், விதி அப்படி," என்றாள். ஆர்டிஸ் புரிகிறது என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் கேக் செய்தாள். யாரும் வரமாட்டார்கள் என்று தெரியாமல் இல்லை. கைக்கு வேறு வேலை தெரியவில்லை. திங்கள் காலை அடுப்பை மூட்டி, கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். பிக்கப் வண்டிகள் ஒவ்வொன்றாகக் கடை வாசலைத் தாண்டி நெடுஞ்சாலைப் பக்கம் போயின. அங்கே பெரிய மரக்கடையில் ஆள் தேவை என்று பலகை மாட்டியிருக்கிறதாம். ரோலி மட்டும் ஹாரன் அடித்துவிட்டுப் போனான். வெண்டெலைக் காப்பாற்றிய வள்ளல் என்று அவளை ஊரில் புகழ்ந்துகொண்டிருந்தான் போலிருக்கிறது. புகழ்வதற்கு ஏன் ஒருவனும் வண்டியை நிறுத்தக்கூடாது என்று ஆர்டிஸுக்குக் கோபம் வந்தது. கோபப்பட்டு என்ன செய்வது? அவர்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை கணக்குக் காட்ட வேண்டும்.

பிப்ரவரி கடைசியில் ஒரு நாள் வெண்டெல் வந்தான். திங்கள்கிழமை இல்லை. அவன் வீட்டுப் பனி வாரும் மெஷினில் அச்சில் செருகும் பின் உடைந்துவிட்டதாம், புதுசு வேண்டுமாம். வாடிக்கைக்காரனைப் போல் கவுன்டருக்கு அந்தப் பக்கமே நின்றான். அவள் பெட்டியில் தேடி எடுத்துக் கொடுத்தாள். அவன் பார்வை கல்லாவுக்கு மேலே போயிற்று. சான்றிதழ் இருந்த இடத்தில் சுவர் மட்டும் கொஞ்சம் வெளுப்பாக இருந்தது.

"மன்னிச்சுக்கோங்க ஆர்டிஸ்," என்றான். "விளையாட்டை விளையாட்டா எடுத்துக்கத் தெரியாம உங்கள அந்தம்மா முன்னாடி நிக்க வெச்சுட்டேன். ரோலி இன்னமும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கறான்."

"பரவால்ல வெண்டெல். ஜாய்ஸ் பேசுதா?"

"பேசுது. அதெல்லாம் ஆச்சு." பின்னைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். "அன்னிக்கு நான் வாசல்ல நின்னுட்டு என்னென்னமோ உளறினேன். அதையும் மறந்துருங்க."

"எதை?" என்றாள் ஆர்டிஸ்.

அவன் நன்றியோடு தலையாட்டினான். கதவு வரை போனவன் நின்றான். தனக்கும் விளையாட்டு தெரியும் என்று காட்ட வேண்டும் போல அவனுக்கு இருந்திருக்க வேண்டும். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, ரோலி அவனைக் கேலி செய்து நடித்துக் காட்டுவானே, அதே மாதிரி குனிந்து கேட்டான்.

"முதலாளியம்மா, வேலை ஏதாவது இருக்குங்களா?"

கேட்டுவிட்டு அவனே சிரித்தான். அவனுக்குப் பழக்கமில்லாத சிரிப்பு, சரியாக வரவில்லை.

கொட்டகையிலிருந்து காலையில் அவள் இழுத்துக்கொண்டு வந்த மெஷின் ஒன்று கவுன்டருக்குப் பின்னால் தரையில் கிடந்தது. அவன் நின்ற இடத்திலிருந்து அது தெரியாது. ஆர்டிஸ் இடது கையால் வலது தோளைப் பிடித்திருந்தவள், கையை எடுத்துக் கவுன்டரின் மேல் வைத்தாள்.

"இல்ல வெண்டெல்," என்றாள்.

அவன் வண்டி போகும் சத்தம் ஓயும் வரை நின்றாள். அப்புறம் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, தரையோடு தரையாக உட்கார்ந்து, மெஷினை அங்கேயே அவிழ்க்க ஆரம்பித்தாள். ரேடியோவில் மறுபடியும் பனி என்றான் வானிலை சொல்பவன். அவனுக்கு அவள் பதில் சொல்லவில்லை.